சிப்பிரியான் வீட்டுக்கு நடந்த மாத்துமீன்

கல்லறைத் தோட்டத்துக் கம்பிக் கதவுக்குக் கீழே, பூனைகூட யோசித்து நுழைகிற சந்து வழியாக, தொம்மையின் பேரில் புதைத்திருந்த மீன் வெளியே வந்தது. காலைத் திருப்பலி முடிந்து பெண்கள் முக்காட்டைத் தோளுக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம். அது துள்ளவில்லை, நெளியவில்லை, செத்த மீனைப்போலக் கண்ணை வெறிக்கவுமில்லை. தவழப் பழகிய பிள்ளையைப்போல நாலு காலையும் மாற்றி மாற்றி வைத்து, முதுகில் ஒட்டியிருந்த கல்லறை மணல் எட்டுக்கு ஒரு சிட்டிகையாக உதிர, பட்டப்பகல் வெயிலில் நடந்து வந்தது.

சிலுவைமுனையில் யாரும் கத்தவில்லை. கடலில் என்னென்னவோ பார்த்த ஊர். சலேத்து மைனி மட்டும் ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற அதே குரலில், "ஏட்டி கித்தேரி, ஒன் மாப்பிள்ளையோட மீனு எந்திரிச்சு வந்துட்டு பாரு" என்றாள்.

கித்தேரி பார்த்தாள். விரித்த கையளவு வட்டத் தட்டு, பின்னால் கைப்பிடி மாதிரி ஒரு வால். செதில் கிடையாது, பலாக்காய்த் தோலைச் சீவித் தட்டிப் பரப்பினதுபோல உடம்பு முழுக்க முள்ளு முள்ளாக மரு. பக்கவாட்டில் இரண்டு துடுப்பு, தவளையின் பின்னங்கால் மாதிரி முட்டி மடங்கி நிற்கும். தொண்டைக்கு அடியில் இன்னும் இரண்டு சின்னத் துடுப்பு. அந்த நாலையும் ஊன்றித்தான் நடை. நெற்றியில் குட்டிக் கொம்பு, கொம்புக்குக் கீழே ஒரு பொந்து, பொந்துக்குள்ளிருந்து உளுந்தம்பருப்பு அளவில் ஏதோ ஒன்று வெளியே வந்து வந்து உள்ளே போனது, யாரையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரி.

"என் மாப்பிள்ளையோட மீனாம்" என்றாள் கித்தேரி. "அவிய எந்திரிச்சு வந்தா வீட்டுக்குல்லா வருவாவ. இந்தச் சொறிப்பிண்டம் எங்கயோ போகுது." கிட்டே போய்ச் செருப்புக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். மீன் புரண்டு, நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி நடந்தது.

அந்த மீனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது, புதைத்த நாளிலிருந்தே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது.

சிலுவைமுனையில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவன் கடலோடு போய், உடம்பும் கிடைக்காவிட்டால், அவன் ஏறிப்போன லாஞ்சு அவன் விழுந்த தண்ணிக்கே திரும்பிப் போகவேண்டும். அங்கே ஒரே ஒரு தடவை வலை இறக்கவேண்டும். முதலில் உயிரோடு ஏறுவது எதுவோ அது அவனுக்கு மாத்து. அதைச் சின்னப் பெட்டியில் வைத்து, மணியடித்து, அவன் பேர் சொல்லி அடக்கம் செய்வார்கள். சீலா மீன் கிடைத்தவர்கள் உண்டு, நண்டு கிடைத்தவர்கள் உண்டு. சலேத்து மைனியின் மாமனாருக்குக் கணவாய்தான் கிடைத்தது. இன்றைக்கும் அது கணவாய்க் கல்லறைதான், மைனியே அப்படித்தான் வழி சொல்வாள். விலையில் பொய் சொல்வார்கள், பிடித்த மீனின் நீளத்தில் பொய் சொல்வார்கள், சிலுவை மேல் கைவைத்துக்கொண்டே பொய் சொல்கிறவர்களும் அந்த ஊரில் உண்டு. ஆனால் மாத்துமீனில் மட்டும் எவனும் பொய் சொன்னதில்லை. வேறு தண்ணியின் மீனைப் புதைத்தால் போனவன் தன் கல்லறை எதுவென்று தெரியாமல் கடலடியில் சுற்றிக்கொண்டே இருப்பான் என்று அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

தொம்மை போனது சிப்பிரியானின் லாஞ்சில். சிப்பிரியான் கர்வாலோ என்றால் ஊரில் பெரிய கை. மாடிவீடு, வாசலில் சங்குச் சிற்பம், லாஞ்சுகள் கட்டுகிற கடல் பாலத்தில் எப்போதும் அவன் லாஞ்சுக்கு முதல் இடம். அந்தத் தடவை அவனும் லாஞ்சில் போயிருந்தான். கரைக்கு வந்து இறங்கி, நனையாத சட்டையோடு, ஊர் கூடி நிற்கையில் அவன் சொன்னான்: "கோயில் கோபுரம் தெரியிற தண்ணிக்கு வந்தாச்சு. தண்ணியப் போட்டுட்டு முன்னால அணியத்து மொனையில நின்னு ஆடிக்கிட்டிருந்தான். கால் தவறிட்டு. என்ன செய்ய." கூட நின்ற டிரைவர் கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றான்.

கித்தேரிக்குப் புருசன் போனது ஒரு அடி. குடித்துவிட்டு விழுந்தான் என்றது இன்னொரு அடி. தொம்மை குடிக்கமாட்டான், கல்யாண வீட்டில் கையில் திணித்தாலும் பக்கத்து வாழைமரத்துக்கு ஊற்றிவிட்டு வருகிறவன். அவள் அதைச் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

மாத்துமீன் எடுக்கக் கஸ்பார்தான் போனான். பாலத்தில் நின்று பார்த்தாலே தெரிகிற தண்ணிக்குப் போன லாஞ்சு, மறுநாள் சாயங்காலம்தான் திரும்பியது. இஞ்சின் கோளாறு என்றான். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இது கிடந்தது. ஊரில் இதற்குப் பேரே கிடையாது; ஆழக் கடலுக்குப் போகிற லாஞ்சுகளின் மடி என்கிற இழுவை வலையில் இறாலோடு ஏறி வரும், அங்கேயே தள்ளிவிடுவார்கள், மிச்சம் கழிவோடு கழிவாகக் கோழித்தீவன லாரிக்குப் போகும், ஒருத்தரும் உற்றுப் பார்ப்பதில்லை. கரையில் மீன் தரம் பிரிக்கிற கித்தேரி இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. "என் புருசனுக்கு இதுதான் கெடச்சுதா?" என்று அவள் பெட்டியின் மேல் விழுந்து அழுதபோது, பின்னால் நின்ற சிப்பிரியான் அந்த மீனை எட்டிப் பார்த்தான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை அவள் பார்த்தாள். அவமானம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த மீன் தெருவில் நடந்துகொண்டிருந்தது.

மெதுவாக நடந்தது. காலையில் பெட்டிக்கடை முன்னால் பார்த்தால், மத்தியானம் பெட்டிக்கடைக்கு அடுத்த வாசலில் இருக்கும். முதலில் பிள்ளைகள் குச்சியால் குத்தினார்கள். பிறகு பந்தயம் கட்டினார்கள். பிறகு சலித்துப்போய், அது போகிற பாதையில் பனையோலையை வளைத்து நிழல் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். மினிபஸ் டிரைவர் அதைக் கண்டால் ஹாரன் அடிக்காமல் வண்டியை ஓரம் கட்டி பீடி பற்றவைத்துக்கொள்வான், பயணிகள் இறங்கிக் கால் நீட்டிக்கொள்வார்கள். ஒரு கல்யாண ஊர்வலம் அதற்குப் பின்னாலேயே அதன் வேகத்துக்கு வந்ததில், மாப்பிள்ளை வீட்டுக்குப் பந்தி ஆறிப்போய், அதில் ஒரு சண்டை வந்து, சண்டையில் பெண்ணின் தாய்மாமன் ஒருத்தன் திரும்பிப் போய், மறுபடி மீன் வேகத்திலேயே சமாதானமாகி வந்தான்.

ஊர்க் கமிட்டி கூடிப் பேசியது. இதை அனுமதிக்கலாமா என்று ஒருத்தர் கேட்டார். "தொம்மை பேர்ல பொதச்சிருக்கு. தொம்மை இந்த ஊர்க்காரன். ஊர்க்காரன் தெருவுல நடக்கதுக்கு என்ன அனுமதி?" என்றார் இன்னொருத்தர். பங்குச்சாமியாரிடம் போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புதுமைன்னு நான் எழுதினா ஆயரில்லத்துலருந்து ஆள் வருவாங்க. வந்தா போகமாட்டாங்க. மீன் நடக்குது. நடக்கட்டும். குறுக்க போகாதீங்க" என்றார்.

அது எங்கே போகிறது என்பது கிழக்குத் தெரு திரும்பினபோது தெரிந்தது. அந்தத் தெருவின் கடைசியில் ஒரே ஒரு வீடு. சங்குச் சிற்பம் வைத்த வீடு.

சிப்பிரியான் அது வாசலுக்கு வருகிறவரைக்கும் காத்திருக்கவில்லை. மண்வெட்டியோடு தெருவிலேயே எதிர்கொண்டான். ஒரே வெட்டு, இரண்டாகப் போயிற்று, பார்த்தவர்கள் உண்டு. மறுநாள் காலை மீன் முழு உடம்போடு கல்லறைக் கதவுக்குக் கீழே நுழைந்து வந்தது. அவன் அதைச் சாக்கில் கட்டிக் கோழித்தீவன லாரியில் ஏற்றிவிட்டான். லாரி போனது, மீன் கல்லறையிலிருந்து வந்தது. லாஞ்சில் ஏற்றிக் கடலில் போட்டுவிட்டு வந்தான். அவன் கரையேறுகையில் அது பெட்டிக்கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் முதலிலிருந்து தொடங்க அதற்கு வருத்தமில்லை. அவசரம் என்பது அந்த உடம்பில் இல்லவே இல்லை.

"அவரு மேல அதுக்கு என்ன கோவம்?" என்று பெண்கள் கித்தேரியிடம் கேட்டார்கள்.

"எனக்கென்ன தெரியும். அதுக்குப் பேசத் தெரிஞ்சா கேளுங்க."

அந்தச் சமயத்தில்தான் ஸ்கூட்டரில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டிக்கொண்டு தமயந்தி வந்தாள். மீன்வளம் படித்து ஆராய்ச்சி செய்கிற பெண். எங்கோ யாரோ சொல்லி, செய்தி அவள் காதுக்கும் போயிருந்தது. தெருவில் மண்டியிட்டு மீனுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தாள். நடக்கிறதே என்று அவளும் கேட்கவில்லை. "இது நடக்கத்தான் செய்யும். நீச்சல் இதுக்கு அவ்வளவா வராது" என்றாள்.

"இதுக்குப் பேர் என்ன தாயி?"

"வவ்வால் மீன்ல ஒரு வகை."

தெருவே சிரித்தது. "வவ்வாலா! வவ்வால் மீனைக் கொழம்பு வச்சா சட்டிய நக்கித் திம்போம். இதப் போட்டா சட்டியே எந்திரிச்சு ஓடிரும்" என்றாள் சலேத்து மைனி. தமயந்தியும் சிரித்துவிட்டாள்.

அவளுக்கு அதைப் பற்றிப் பேசப் பிடித்திருந்தது. கூட்டம் கூட, மீனைத் தொடாமல் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாள். மூச்சுவிடுகிற ஓட்டை மற்ற மீன்களுக்குப்போலக் கன்னத்தில் இல்லை, முதுகுப் பக்கம், கைத்துடுப்பின் கக்கத்துக்குப் பின்னால். மண்ணில் பதுங்கிக் கிடந்தாலும் மூச்சு முட்டாது. முள்ளு மருவெல்லாம் எலும்புக் குமிழ், இதுதான் அதற்குச் சட்டை. கொம்புக்குக் கீழே பொந்தில் வைத்திருப்பது தூண்டில். "சில மீனு தூண்டில்ல வெளக்கு வச்சிருக்கும். இதுக்கு வெளக்கு கெடையாது. வாசனை மாதிரி என்னமோ கசியவிடும்னு நெனைக்கிறோம். தொரத்திப் பிடிக்க இதால முடியாது. ஒரு எடத்துல உக்காந்து தூண்டில ஆட்டிக்கிட்டே இருக்கும். வர வேண்டியது தானா வரும்."

"எங்க கெடைக்கும் இது?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான்.

"மேக்க அரபிக்கடல்லருந்து நம்ம மன்னார் கடல் வழியா அந்தமான் வரைக்கும் உண்டு. ஆனா எல்லாம் ஆழம். கடல் தரை சரிஞ்சு இறங்குற எடம். இருநூறு பாகம், ஆயிரத்து இருநூறு அடி, அதுக்கு மேல ஏறி வராது." அவள் கைப்பேசியை எடுத்தாள். "நீங்க எங்க பிடிச்சீங்க?"

பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகக் கையை நீட்டினார்கள். "அந்தா, பாலத்துக்கு அந்தால. கோபுரம் தெரியிற தண்ணி."

தமயந்தி அவர்கள் கையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். "அங்க பத்துப் பாகம்கூட இருக்காதே. இருக்காதுப்பா, வேற எங்கயாச்சும் இருக்கும்" என்றாள். பிறகு வேடிக்கையாக, "இப்ப இதோட பரவல்ல சிலுவைமுனை கிழக்குத் தெருவையும் சேத்துக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தாள். தொட்டியைக் காலியாகவே கொண்டுபோனாள். எடுத்துப் போகலாமா என்று அவள் கேட்கவும் இல்லை, யாரும் தரவும் இல்லை.

கூட்டம் கலைந்தது. கித்தேரி கலையவில்லை. இருநூறு பாகம் என்ற சொல் அவளுக்குள் கல்லைக் கட்டிப் போட்டதுபோல இறங்கிக்கொண்டே இருந்தது, தரை தட்டவேயில்லை. மாத்துமீனில் எவனும் பொய் சொல்வதில்லை. அப்படியானால் தண்ணியில் பொய் இருக்கிறது. தண்ணியில் பொய் இருந்தால் குடியிலும் பொய் இருக்கிறது. குடியிலும் பொய் இருந்தால், அவன் எப்படிப் போனான்?

பாலத்தில் கஸ்பார் கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தான். தொம்மைக்கு அவன் கூட்டாளி; இரண்டு பேரும் சிறுவயதில் கோயிலில் ஒரே நாளில் புதுநன்மை வாங்கினவர்கள்.

"கஸ்பாரண்ணே, இஞ்சின் கோளாறுன்னு சொன்னியளே. என்ன கோளாறு?"

ஊசி நின்றது.

"எத்தனை பாகத்துல மடி எறக்கினிய?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "போலீசுகிட்ட சொன்னேன். சாமியார்கிட்ட சொன்னேன். ஒன் மூஞ்சியப் பாத்து ஒங்கிட்டயே சொன்னேன், கித்தேரி. எல்லாருகிட்டயும் சொல்லிரலாம். தொம்மைகிட்ட எப்பிடிச் சொல்ல? வேற தண்ணியில மடி எறக்குனா அவன் எங்கிட்டு வருவான்?"

"குடிச்சிருந்தாவளா?"

"டீ குடிச்சான். நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

"என்ன நடந்துச்சுண்ணே?"

"அத எங்கிட்ட கேக்காத. நான் கத்திய எடுத்தேன். அதுக்கு மேல கேக்காத" என்றவன், வலையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதான்.

கித்தேரி ஊரைக் கூட்டவில்லை. நான் சொன்னால் அது வம்பு, கஸ்பார் சொன்னால் அது பகை, சிப்பிரியான் வாயால் வந்தால்தான் அது நடந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்தாள். கடலில் இறங்கிக் குடத்தின் கழுத்து முட்ட மொண்டாள். கிழக்குத் தெருவுக்குப் போய், வெயிலில் காய்ந்து நடந்துகொண்டிருந்த மீனின் முதுகில், செருப்புக் காலால் தள்ளின அதே மீனின் முதுகில், குளிப்பாட்டுவதுபோல நிதானமாக ஊற்றினாள். மரு ஒவ்வொன்றும் நனைந்து இளஞ்சிவப்பாக மின்னியது. "நட" என்றாள். "அவசரமில்ல. நட."

அன்றிலிருந்து அதுவே அவள் வேலை. காலையில் ஒரு குடம், வெயில் ஏறினால் ஒரு குடம், வெயில் தாழ்ந்தால் ஒரு குடம். மற்ற பெண்கள் குறுக்கே வந்தால் அவளுக்கு வழிவிட்டார்கள். சிலபேர் குடத்துக்கு ஒரு கை கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. சிலர் அவளுக்காகச் செய்ததாக நினைத்தார்கள், சிலர் தொம்மைக்காக, சிலர் மீனுக்காக. அவள் பழியை நனைத்துக்கொண்டிருந்தாள். உலர்ந்தால் உதிர்ந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

சிப்பிரியான் மறுபடி மண்வெட்டியோடு வந்தபோது, மீனுக்கும் அவனுக்கும் நடுவில் குடமும் அவளும் நின்றார்கள். "வெட்டுங்க மொதலாளி. அது திரும்ப வரும். நானும் திரும்பத் தண்ணி எடுத்துட்டு வருவேன். ஒங்களுக்குத்தான் கை வலிக்கும்" என்றாள். அவன் மண்வெட்டியைத் தாழ்த்தினான்.

மீன் வாசலுக்கு வந்து சேர்ந்தது. படியில் ஏறி, கதவுக்கு நேரே உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அது நடக்கவில்லை. பொந்திலிருந்து தூண்டிலை வெளியே விட்டது, உள்ளே இழுத்தது, வெளியே விட்டது, உள்ளே இழுத்தது.

"வீடெல்லாம் புது நைலான் வாடை அடிக்கு" என்று சிப்பிரியான் பெண்டாட்டியிடம் சொன்னான். அவளுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. அவன் ஜன்னலை அடைத்தான், சாம்பிராணி போட்டான், சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான். சோற்றிலும் நைலான், தலையணையிலும் நைலான். அவன் லாஞ்சில் ஏற ஆள் வரவில்லை. யாரும் முகத்துக்கு நேரே மறுக்கவில்லை, ஒருத்தனுக்குக் கால்வலி, ஒருத்தனுக்கு மச்சினன் கல்யாணம். பெண்டாட்டி பின்பக்கத்து வழியாகப் போய்வரத் தொடங்கினாள். பிறகு ஒருநாள் போனாள், தாய்வீட்டில் தங்கிவிட்டாள். அவன் வீட்டுக்குள் நடந்தான். எந்தப் பக்கம் நடந்தாலும் கால் வாசலுக்கே வந்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கிழக்குத் தெரு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தாடியும் இடுப்பில் அழுக்குச் சாரமுமாகச் சிப்பிரியான் வெளியே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. முழங்கால் மடக்கி, இரண்டு கையையும் ஊன்றி, மீனைப்போலவே குனிந்து, அந்தத் தூண்டிலுக்கு மூக்கைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். சனம் நின்றது. கித்தேரி குடத்தை இறக்கிவைத்தாள்.

"மடி எறக்கிக்கிட்டிருந்தோம்" என்றான் மீனிடம். "ஆழத் தண்ணி. தொம்மை கால் கயித்துல மாட்டி, மடியோட போயிட்டான். லாஞ்சுக்குப் பின்னால, பின்னணியக் கம்பியப் பிடிச்சுத் தொங்குனான். மடி கீழ இழுக்கு. கஸ்பாரு கத்திய எடுத்தான். நான் அவன் கையப் பிடிச்சேன்." அவன் தன் மணிக்கட்டையே இன்னொரு கையால் பிடித்துக் காட்டினான். "மடி புதுசு, கஸ்பாருன்னேன். வின்ச்ச போட்டு மடியோட சுத்தி இழுப்போம்னேன். வின்ச்சு சுத்துறதுக்குள்ள அவன் கை விட்டுட்டு. குடிக்கல. அவன் குடிக்கல."

தெருவில் காக்கை கரைந்தது. கித்தேரியைப் பார்த்து முன்பு இரக்கமாகத் தலையாட்டின தலைகள் எல்லாம் இப்போது அசையாமல் இருந்தன. அவளுக்கு அது போதவில்லை. உண்மை வந்தால் நெஞ்சு ஆறும் என்று இத்தனை குடம் சுமந்தாள். உண்மை வந்து நின்றது, நெஞ்சு அப்படியே எரிந்தது.

சாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கித்தேரி, அவர் சொல்லிட்டார். இனிமே மன்னிக்கிறது..."

"சாமி, ஒங்க வேலைக்கு அப்புறம் வாங்க" என்றாள். சிப்பிரியானிடம் திரும்பினாள். "அந்த மடி இருக்கா?"

"இருக்கு."

"அது இனி மீன் பிடிக்கக் கூடாது. அவிய போன வழியில அதுவும் போகணும். ஒங்க கையால. ஆள் வைக்காம."

அவன் எழுந்தான். கொட்டகையைத் திறந்து மடியை இழுத்தான். ஒரு இழுவை மடியை ஏழெட்டு ஆள் தூக்குவார்கள். அவன் ஒருத்தனாக, தோளில் வழிய, தெருவெல்லாம் பச்சை நைலான் இழுபட, ஈயக்குண்டுகள் கல்லில் கிலுகிலுவென்று அடிக்க, மீன் அவன் வாசலுக்கு வந்த வேகத்திலேயே பாலத்துக்குப் போனான். ஊர் பின்னால் போனது. யாரும் கை கொடுக்கவில்லை. பாலத்தின் நுனியில் நின்று, ஈயம் கோத்த ஓரத்தை முதலில் கடலில் தள்ளினான். ஈயம் இறங்கியது, இறங்கின வேகத்தில் மடி அவனைச் சுற்றி ஓடியது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களை ஏவியே பழகினவன். ஓடுகிற வலைக்குள் காலை வைக்கக் கூடாது என்பது அவன் காலுக்கு மறந்துபோயிருந்தது.

சத்தம் கேட்டுப் பார்த்தபோது அவன் தண்ணியில் இருந்தான். லாஞ்சு உரசாமலிருக்கப் பாலத்தில் கட்டின பழைய டயர் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். கீழே மடி. அது இடுப்பை இழுத்தது, நெஞ்சை இழுத்தது, தாடை தண்ணியைத் தொட்டது.

கஸ்பார் ஓடி வந்து இடுப்புக் கத்தியை உருவிக் குப்புறப் படுத்தான், கையை நீட்டினான்.

"மடி புதுசு, கஸ்பாரு" என்றாள் கித்தேரி.

சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணே என்றும் சொல்லவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது. கஸ்பாரின் கை நின்ற இடத்தில் நின்றது. சிப்பிரியான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். டயரிலிருந்து ஒரு கை வழுக்கியது. தண்ணி உதட்டுக்கு வந்தது. அவன் கண்ணில் தொம்மை என்ன பார்த்திருப்பானோ அது வந்து நின்றது, அது முழுசாக வந்து நிற்கிறவரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு குனிந்து, கஸ்பாரின் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். பாலத்துப் படியில் இறங்கி, தண்ணிக்குள் முங்கிக் கைவிட்டு, அவன் காலைச் சுற்றின பச்சை நைலானைப் பிடித்துக் கத்தியால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். மடி இரண்டானது. ஈயம் கீழே போனது. சிப்பிரியான் மேலே வந்தான், இருமினான்.

அவள் நிமிர்ந்து, ஈரக் கத்தியை உயர்த்தி, ஊருக்குக் காட்டினாள்.

"பாத்துக்கிடுங்க" என்றாள். "இவ்வளவு நேரந்தான் ஆகும்."

அங்கே இருந்த எல்லாரும் அந்த நேரத்தைப் பார்த்தார்கள். ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம்கூட இல்லை. அதற்குப் பிறகு சிலுவைமுனையில் யாராவது தக்காளி வெட்டினாலும், கயிறு அறுத்தாலும், பிள்ளைக்கு நகம் வெட்டினாலும், சிப்பிரியான் பக்கத்தில் இருந்தால் ஒரு நொடி கண் அவன் பக்கம் போய்த் திரும்பும். அவனும் அந்த நொடியை எண்ணுவான். செத்திருந்தால் அவனுக்கும் மணியடித்திருப்பார்கள், பேர் சொல்லி மண்ணுக்குள் வைத்திருப்பார்கள். அவள் அதை அவனுக்குக் கொடுக்கவில்லை.

போகிற வழியில் கித்தேரி அவன் வாசலில் நின்றாள். காலையில் இறக்கிவைத்த குடம் அங்கேயே இருந்தது. மீன் படியிலேயே இருந்தது. ஈரம் சொட்ட வந்துசேர்ந்த சிப்பிரியானின் காலடிக்கு அந்தக் குடத்தை நகர்த்தினாள்.

"இனி நீரு ஊத்தும்."

அந்த மீன் கல்லறைக்குத் திரும்பவில்லை, கடலுக்கும் திரும்பவில்லை. நீங்கள் சிலுவைமுனை வழியாகப் போனால், கிழக்குத் தெருவின் கடைசி வீட்டுப் படியில், கையளவு முள்ளுத் தட்டாக உட்கார்ந்து தூண்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும். குடமும் கையுமாக ஒருத்தன் கடலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பான், அவசரமே இல்லாத நடை. என்றைக்காவது அவன் பிந்தினால் தெருவெல்லாம் புது நைலான் வாடை எழும். அப்போது தன் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருக்கிற சலேத்து மைனி தலையைத் தூக்காமலே குரல் கொடுப்பாள்:

"ஏ சிப்பிரியான், காயுது பாரும்!"

பக்கத்தில் இருந்து மீன் தரம் பிரிக்கிற கித்தேரி, கையிலிருந்த கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த மீனை எடுப்பாள்.